கெளுத்தி வயிற்றில் இருந்த மரவள்ளி

அன்பு மகனுக்கு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. போன வாரம் நீ நலமாக இல்லை என்பது தந்தியிலேயே தெரிந்துவிட்டது. இப்போது நலமாக இருக்கிறாய் என்பதை, நேற்றுச் சாயங்காலம் அலோர் ஸ்டார் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னான். மீன் கொழம்பு. மொகத்துல ரத்தம் வந்துருச்சு" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது இறங்கிப்போய், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐம்பதை நெருங்கும் மனுஷனை இப்படியா பயமுறுத்துவது? முதலில் உன்னை நாலு வார்த்தை திட்டிவிடுகிறேன். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

ஏண்டா, புத்தி இருக்கிறதா உனக்கு? போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் உன்னைத் தராசில் நிறுத்தி, பதினைந்து ராத்தல் கூடுதலாக இருக்கிறது, குறைத்துக்கொண்டு ஆறு வாரம் கழித்து வா என்றார்கள். சரி, குறை. வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் காலையில் பால் இல்லாத ஒரு கோப்பி, மத்தியானம் நாலு பிஸ்கட், ராத்திரிக்குப் பச்சைத் தண்ணீர் என்று நாலு வாரம் கிடந்தாயாமே! வீட்டுக்கார அக்கா சோறு எடுத்து வைத்தால், "கடையில சாப்புட்டேன்கா" என்பாயாம். முதல் இரண்டு வாரம் மளமளவென்று இறங்கிய எடை மூன்றாம் வாரம் அப்படியே நின்றுவிட்டதாம். உடனே ஐயா நாலு பிஸ்கட்டை இரண்டாக்கிவிட்டாராம். அப்புறம் பஸ் நிற்கும் இடத்தில் தலை சுற்றி விழுந்து, யாரோ ஒரு மலாய்க்காரப் பெரியவர் தூக்கி உட்காரவைத்து, டாக்டர் வந்து, தந்தி வந்து... இதையெல்லாம் உன் அம்மா சொல்லிக்கொண்டு வந்தவள், அந்தப் பிஸ்கட் கணக்கு வந்த இடத்தில் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஏனென்றால் இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் வேறொரு தராசில் ஏறி வேறொரு மடையன் செய்ததை, ஒரு வரி பிசகாமல் நீ செய்திருக்கிறாய். அந்த மடையன் நான்தான். "மீன் கதைய அவனுக்கு எழுதுங்க. இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் உன் அம்மா. அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இதை என்னோடேயே கொண்டுபோயிருப்பேன்.

ஜப்பான்காரன் காலம். பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் உன் அம்மாவும் இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. வெள்ளைக்கார துரை சண்டை வருகிறது என்றதுமே காரை எடுத்துக்கொண்டு ஓடியவர்தான். ஆபீஸ் கணக்கு பார்த்த பெரிய கிராணி ஒருவர் ஜப்பான்காரனுக்கு சலாம் போட்டுக்கொண்டு தோட்டத்தை நடத்தினார். பாதி மரத்தில் பால் வெட்டுவது நின்றுபோய், இடையில் எங்கு பார்த்தாலும் மரவள்ளி. காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரி அதே மரவள்ளியின் தண்ணீர். அரிசி என்பது மருந்து மாதிரி, எப்போதோ ஒரு பிடி. உப்புக்குக்கூட அலைய வேண்டும். கிழங்கை வெறுமனே அவித்தால் தொண்டையில் இறங்காது. உன் அம்மாவிடம் மட்டும் வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் செடி இருந்தது. தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்டது. அதில் ஒரு துண்டை இடித்துப் போட்டு அவிப்பாள். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த மொத்த லயத்திலும் மஞ்சள் நிறத்தில் கிழங்கு தின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பிரசவத்துக்கு வேண்டும் என்று அந்தச் செடியை யாரும் தொட விடமாட்டாள். ஆமாம், நீ அப்போது அவள் வயிற்றில் மூன்று மாதம்.

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதலில் போனவர்களிடம் மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசி உண்டு, துணி உண்டு என்று சொல்லி, சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் ரயிலேற்றினார்கள். மூன்று மாதம் ஆறு மாதம் ஆனது. ஒரு ஆள் திரும்பவில்லை, ஒரு கடுதாசி வரவில்லை. அடுத்த தடவை யாரும் தானாகப் போக முன்வரவில்லை. அதனால் ஒரு ஜப்பான் அதிகாரி மொழிபெயர்க்கும் ஆளோடு வந்து ஸ்டோரில் உட்கார்ந்துகொண்டான். ஸ்டோர் என்றால் ரப்பர் ஷீட் நிறுத்து அடுக்குகிற கொட்டகை. அங்கே ஆள் ஏறி நிற்கிற அளவுக்குப் பெரிய தராசு ஒன்று உண்டு. அதில் நிறுக்கிற வேலைதான் எனக்கு. அன்றைக்கு என்னை முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ரப்பருக்குப் பதிலாக மனுஷனை ஏற்றினார்கள். நான் எடையைச் சொல்ல வேண்டும். கனத்த ஆளாக இருந்தால் அதிகாரி "போலே" என்பான். ஆகட்டும் என்று அர்த்தம். எலும்பும் தோலுமாக இருந்தவன் ஏறினால் "குருஸ்!" என்று கையால் தள்ளுவான். குருஸ் என்றால் ஒல்லி. என் கண்ணெதிரே அப்படி ஏழெட்டுப் பேரைத் தள்ளினான். அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த ஒல்லிக் காலில் அவ்வளவு வேகம்! என்னை அன்றைக்குத் தராசு வேலைக்காக விட்டுவைத்தார்கள். போகும்போது கிராணி, "இன்னும் ரெண்டு மாசத்துல திரும்ப வருவாங்க. அப்ப உன்னையும் விட மாட்டாங்க, பாத்துக்க" என்றார்.

எனக்கு அப்போது நூற்று அறுபது ராத்தல். தோட்டத்திலேயே கட்டையான உடம்பு. காட்டுக்குள் ஓடிப்போகலாம்தான். ஓடியவர்கள் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியை என்ன பாடு படுத்தினார்கள் என்பதையும் பார்த்திருந்தேன். மூன்று மாதக் கர்ப்பிணியை விட்டுவிட்டு ஓடுவதா? ரயிலேறிப் போவதா? இரண்டும் முடியாது. அப்போதுதான் அந்த "குருஸ்" என் மண்டையில் வந்து உட்கார்ந்தது. இரண்டு மாதம் இருக்கிறது. பட்டினி கிடந்து இளைத்துவிட்டால் அவனே என்னைத் தள்ளிவிடுவான். இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது எல்லாரும் ஏன் அழுகிறார்கள் என்றுகூட நினைத்தேன். என்னைப்போல் கெட்டிக்காரன் உலகத்தில் இல்லை என்ற நினைப்பு! உன் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வாய்க்கு வாய் போய் கிராணி காதில் விழுந்தால் என்னைத்தான் முதலில் ஏற்றுவார்கள்.

அவள் தட்டில் வைக்கும் கிழங்கில் ஒரு துண்டு தின்பேன். மிச்சத்தை, "ஸ்டோர்ல போய் சாப்புட்டுக்கறேன்" என்று சொல்லி வாழை இலையில் மடித்து எடுத்துக்கொள்வேன். லயத்துக்குப் பின்னால் சின்ன ஆறு ஒன்று ஓடும். அதில் போட்டுவிடுவேன். இன்னொருவனுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பாய். கொடுத்திருக்கலாம். எத்தனை பிள்ளைகள் வயிறு ஒட்டிக் கிடந்தார்கள்! ஆனால், ஏன் கொடுக்கிறான் என்று அவர்கள் கேட்பார்களே என்ற பயம். அந்தச் சண்டைக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் கொழுத்தது ஆற்றுமீன் மட்டும்தான். இன்று அதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

முதல் ஐந்து வாரம் நான் நினைத்தபடியே நடந்தது. யாரும் இல்லாத மத்தியான வேளையில் தராசில் ஏறிப் பார்ப்பேன். நூற்று ஐம்பது, நூற்று நாற்பத்தைந்து, நூற்று முப்பத்தெட்டு. உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். மற்றபடி சிரிக்கும் நிலையில் நான் இல்லை. பட்டப்பகல் வெயிலில் குளிரும். படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எடையைச் சொல்ல வாயைத் திறந்தால் எண் மறந்துபோகும். கோபம் மட்டும் கேட்காமலே வரும். ஒருநாள் ஒரு சட்டி உடைந்ததற்காக உன் அம்மாவை லயமே கேட்கிற மாதிரிக் கத்தினேன். அவளோ, நான் பசியில் வாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள், பாவி மகள். அன்றிலிருந்து என் தட்டில் கிழங்கு கூடியது. "உனக்கு?" என்று கேட்டேன். "நான் அப்பவே சாப்புட்டேங்க" என்றாள். நம்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், நான் சட்டியைத் திறந்து பார்க்கவில்லை. கூடக் கிடைத்ததையும் ஆற்றில்தான் போட்டேன்.

ஆறாவது வாரம் தராசில் ஏறினால் நூற்று நாற்பத்தொன்று. முள் கெட்டுப்போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். மறுநாள் நூற்று நாற்பத்து மூன்று. ஏறுகிறது! என்ன செய்தேன் தெரியுமா? நீ செய்ததைத்தான். அதிகமாகத் தின்கிறேன் போலிருக்கிறது என்று அந்த ஒரு துண்டையும் பாதியாக்கினேன். எடை இன்னும் ஏறியது. கால் கனத்தது. கண்ணாடியில் முகம் பூரித்துத் தெரிந்தது. லயத்துப் பெண்கள், "இந்தக் காலத்துலயும் அண்ணனுக்கு நல்லா சதை போட்டிருக்கு பாருங்க" என்று உன் அம்மாவிடமே சொன்னார்கள். அவளுக்கு ஒரே சந்தோஷம். தான் வயிற்றைக் கட்டிப் போடும் கிழங்கு உடம்பில் ஒட்டுகிறது என்று நினைத்தாள்.

கிராணி சொன்னபடியே ஜப்பான்காரன் வந்தான். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுத் திடலில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். எல்லாரும் காய்ந்த குச்சியாக நிற்க, நடுவில் நான் மட்டும் பளபளவென்று நின்றேன். கிராணி என்னை மேலும் கீழும் பார்த்து, "எல்லாவனும் வத்திப் போயிட்டான். நீ மட்டும் எப்பிடிடா இப்பிடி மினுக்குற? அரிசி எங்கயாவது பதுக்கி வச்சிருக்கியா?" என்றார். தராசில் ஏறினேன். நூற்று நாற்பத்தொன்பது. என் எடையை இன்னொருவன் படித்துச் சொன்னான். "போலே" என்றான் அதிகாரி. அவ்வளவுதான். பன்னிரண்டு நாளில் லாரி வரும், இன்னொரு தடவை எடை பார்த்துவிட்டு ஏற்றுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மாதம் பட்டினி கிடந்தவனுக்குக் கிடைத்த பரிசு அது.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை. பொழுது சாயும் நேரம். உன் அம்மா வாசலில் குந்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஆற்றில் பிரம்புக் கூடையை வைத்து ஒரு கெளுத்தி பிடித்திருந்தாள். ஐந்து மாத வயிற்றோடு ஆற்றில் இறங்கியிருக்கிறாள், எனக்கு மீன் ஆக்கிப் போட வேண்டும் என்று. என் பேரை எழுதிவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிரவில்லை. "இங்க வாங்க" என்றாள். போனேன். கெளுத்தியின் வயிற்றைக் கீறி வைத்திருந்தாள். உள்ளே மஞ்சளாக, செரிக்காமல், மரவள்ளித் துண்டுகள்.

"இந்த லயத்துல மஞ்ச போட்டுக் கெழங்கு அவிக்கறது யாரு?" என்று கேட்டாள்.

நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"சொல்லுங்க. எங் கெழங்கு மீன் வயித்துக்குள்ள எப்பிடிப் போச்சு?"

அதற்கு மேல் மறைக்கத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சயாம், குருஸ், தராசு, ஆறு, இன்றைக்குப் பேர் எழுதியது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மீன் ரத்தம் ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள். "ஒரு மாசமா நான் பாதி வயித்துக்குத்தான்யா திங்கறேன். ஒனக்குப் பத்தலையேன்னு என்னோடதையும் எடுத்து வச்சேன். இதுக்குக்கூடக் குடுக்காம வச்சேன்" என்று தன் வயிற்றைத் தொட்டாள். "நீ அதக் கொண்டுபோய் ஆத்துல போட்டியா?"

மகனே, சயாமுக்குப் போயிருந்தால்கூட அந்த மாதிரி ஒரு அடி என் மேல் விழுந்திருக்காது. உனக்காகத்தான் பட்டினி கிடந்தேன். உன்னை விட்டுப் போகக் கூடாது என்றுதான் இளைக்கப் பார்த்தேன். கடைசியில் நான் ஆற்றில் போட்டது உன்னுடைய பங்கை. அந்த வாசலில் மண்டி போட்டு அழுதேன். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமே இல்லை. அவள் எழுந்தாள். அந்த மீனையே மஞ்சள் போட்டு வேகவைத்தாள். தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். "எங் கெழங்குதான் திரும்பி வந்திருக்கு. மொதல்ல நான் திங்கறேன், நீ பாரு. அப்புறம் நீ தின்னு, நான் பாக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலை என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருந்து அலமாரி காலியாக இருந்தாலும் மூளை காலியாகாத மனுஷன் அவர். என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். குழி விழுந்தது விழுந்தபடியே இருந்தது. "இதப் பாரும்மா, இது சதை இல்ல, தண்ணி" என்றார். "தீனி கொறஞ்சா ஒடம்பு மொதல்ல கொழுப்பத் திங்கும். அப்புறம் சதையத் திங்கும். அதுக்கப்புறமும் போடலன்னா அடுப்ப அணைச்சு வச்சுக்கும், அதான் ஒனக்குக் குளுருது. சத்து இல்லாத கெழங்கு, அதுலயும் பாதி. வீங்காம என்னடா செய்யும்? எட கூடுதுன்னு இன்னும் கொறச்சியா? சயாமுக்குப் போறவன் அங்க போய்ச் சாவான். நீ இங்கயே செத்துருப்படா, முட்டாள்!" உன் அம்மா, "என்ன குடுக்கணும், அதச் சொல்லுங்க சார்" என்றாள். தவிடு, பச்சைப்பயறு, கிடைத்தால் கீரையும் மீனும். ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. உப்பு வேண்டாம் என்றார். எனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஜப்பான்காரன் கேட்பானா என்று நான் கேட்டேன். "போன தடவ எழுதிக் குடுத்தேன், அந்தக் காயிதத்தோடயே ஏத்திட்டான்" என்றார்.

தோட்டத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் நடந்தால் நெல் வயல், மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்போங். உன் அம்மா தன் கல்யாணச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். அங்கே ஒரு மலாய்க்காரப் பெரியம்மா, "தவிடு எதற்கு, வீட்டில் கோழி வளர்க்கிறாயா?" என்று கேட்டாராம். "ஆமா மக்சிக், ஒரே ஒரு சேவல். ரொம்பப் பெரிய சேவல். அதுக்குக் கொஞ்சம் புத்தி கொறச்சல்" என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாளாம். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்து, தவிடும் பயறும் கொடுத்து, வயிற்றைப் பார்த்துவிட்டுக் கூட இரண்டு கருவாடும் வைத்திருக்கிறார். உன் அம்மா இன்றும் எனக்குக் கோபம் வந்தால் "சேவல் கொக்கரிக்குது" என்பாளே, ஏன் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். இதுதான் ஏன்.

தவிட்டை வறுத்து, பயறோடு கஞ்சியாகக் காய்ச்சி, வேளைக்கு ஒரு கிண்ணம். எதிரெதிரே உட்கார்ந்து முதலில் அவள் குடிப்பாள், நான் பார்ப்பேன். பிறகு நான், அவள் பார்ப்பாள். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர் பிரிய ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொல்லைப்புறம் ஓடினேன் என்று கணக்கே இல்லை. உடம்பில் சூடு வந்தது. மண்டையில் எண் நின்றது. கால் வற்றியது. முகம் வற்றியது. வீக்கத்துக்குள்ளே ஒளிந்திருந்த என் நிஜ உடம்பு வெளியே வந்தபோது எனக்கே பயமாக இருந்தது. சதை என்று ஒன்றுமே மிச்சமில்லை. பன்னிரண்டாம் நாள் காலை லாரி வந்தது. உன் அம்மா ஸ்டோர் வாசலில் நின்றாள். கிளம்பும்போதே என் இன்னொரு சட்டையை ஒரு துணியில் முடிந்து கொடுத்திருந்தாள், போக வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று. நான் தராசில் ஏறினேன். நூற்று இருபத்தேழு. அதிகாரி பட்டியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தான். கிராணியைப் பார்த்து ஏதோ கத்தினான். பிறகு என் பக்கம் திரும்பி, "குருஸ்!" என்று கையால் தள்ளினான். இரண்டு மாதப் பட்டினியில் கிடைக்காத அந்த வார்த்தை பன்னிரண்டு நாள் சாப்பாட்டில் கிடைத்தது. நான் ஓடவில்லை. நடக்கத்தான் முடிந்தது. உன் அம்மா அந்தத் துணி முடிச்சை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "வாங்க, கஞ்சி ஆறுது" என்றாள். பாதி வழியில்தான் அவள் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்தேன்.

என் இடத்தில் வேறு யாரையாவது ஏற்றினார்களா என்று கேட்கவே பல நாள் பயந்தேன். ஒரு ஆள் குறைவாகத்தான் லாரி போனது என்று கிராணி பின்னால் சொன்னார். போனவர்கள் பதினாறு பேர். சண்டை முடிந்து திரும்பியவர்கள் நாலு பேர். அவர்களை நினைக்காமல் நான் இந்தக் கதையை எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த வருஷக் கடைசியில் நம் கெடா மாநிலத்தையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான். கொடி மாறியது. "போக மாட்டேன்னு பட்டினி கெடந்தீங்க. பாருங்க, சயாமே நம்ம லயத்துக்கு வந்துருச்சு" என்று உன் அம்மா சிரித்தாள். நீ அப்படித்தான் சயாமில் பிறந்தாய். பிறந்த பத்தாம் நாள் உன்னைத் துணியில் சுற்றி ஸ்டோருக்குத் தூக்கிப்போனேன். அந்தப் பெரிய தராசு உன்னைச் சரியாகக் காட்டாது என்று, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தேன். நாலரை ராத்தல். உன் அழுகைச் சத்தம்கூடக் கம்மிதான். ஏழு ராத்தல் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மீதி இரண்டரை ராத்தல் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ பிழைத்தாய். பால் குடித்தாய், மஞ்சள் கஞ்சி குடித்தாய், ஒரு வயசில் தொடையில் மடிப்பு விழுந்தது. நீ குண்டாக வளர வளர எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அதனால்தான் உன் தட்டில் அள்ளி அள்ளி வைத்தேன். போதும் என்றாலும் வைத்தேன். அந்தப் பதினைந்து ராத்தல் என்னால் வந்தது. ஆற்றில் போட்டதை உன் தட்டில் போட்டு ஈடுகட்டப் பார்த்தேன். அதுவும் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே இளைக்க வேண்டுமென்றால் இளை. ஆனால் தின்று இளை. டாக்டர் சொன்னபடி மூன்று வேளையும் சாப்பிடு. சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் கீரையையும் மீனையும் கூட்டு. டீயில் ஊற்றும் அந்த டின் பாலை விடு, ராத்திரிக் கடையில் மீ கோரேங் தின்பதை விடு. காலையில் நட, ஓட முடிந்தால் ஓடு. வாரத்துக்கு ஒரு ராத்தல் இறங்கினால் போதும். முள் நின்றுவிட்டால் தட்டைக் குறைக்காதே. இன்னும் ஒரு வாரத்தில் அவர்கள் கூப்பிடும்போது எடை சரியாக இல்லையென்றால் அடுத்த தடவை போகலாம். தராசில் ஏறித் தோற்றதற்காகக் கஞ்சி குடித்துக் கொண்டாடிய வீடு நம்முடையது, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நம் வீட்டில் எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிட உட்கார்வோம், உன் அம்மா முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை நான் தட்டைத் தொடமாட்டேன். பெண்டாட்டி தின்ற பிறகு தின்கிறவன் என்று ஊரில் என்னைக் கேலி செய்வதை நீயும் கேட்டிருக்கிறாய். சின்ன வயசில் உனக்குக்கூட அது வெட்கமாக இருந்தது. அவள் "நான் அப்பவே சாப்புட்டேன்" என்று சொல்லும் நாளில் நான் எழுந்துபோய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பேன், இந்த இருபத்து நாலு வருஷமாக. நேற்று அலோர் ஸ்டாரில் உன் எதிரே உட்கார்ந்து முதலில் தான் தின்று, பிறகு நீ தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள் என்று சொன்னாள். கேட்டதும் எனக்கு அந்தக் கெளுத்தித் தட்டு ஞாபகம் வந்தது. நேற்று நான் நன்றாகத் தூங்கினேன், ஐயா.

பதில் போடு. வெள்ளிக்கிழமைக்குள் போடு. அதில் "சாப்பிட்டுவிட்டேன்" என்று மட்டும் எழுதாதே, அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை. என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

உன் அப்பா